பாதித் துப்பாக்கி

மதினி வீட்டில் எப்போதும் ஒரே ஒரு தீப்பெட்டிதான் இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊருக்குத் தினமும் காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. உப்பு தீர்ந்துபோன வீட்டில்கூட அலமாரியில் நாலு தீப்பெட்டி கிடக்கும். மதினியோ கடைசிக் குச்சியை உரசிய பிறகுதான் அடுத்த பெட்டி வாங்கக் கடைக்கு வருவார். கடைக்காரர் கைமறதியாக இரண்டை எடுத்து நீட்டினால் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டுப் போவார்.

எட்டயபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நான் அங்கே மைக்செட் வைத்திருக்கிறேன். மதினி எனக்குச் சொந்த அண்ணன் மனைவி கிடையாது. அடுத்த தெரு. அவர் புருஷனை நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டேன், அந்த வழியில் அவர் மதினி ஆனார். மதினி முறை என்றால் கேலி பேசலாம். எனக்கு அதைவிட்டால் வேறு தொழிலும் சரியாக வராது. ஆகவே மதினியின் கஞ்சத்தனத்தை வைத்து நான் ஊரைப் பல வருடம் சிரிக்கவைத்திருக்கிறேன்.

சரக்குக்குப் பஞ்சம் இல்லை. காய்ச்சல் என்றால் மருந்துக்கடையில் பத்து மாத்திரை அட்டையில் இரண்டை மட்டும் வெட்டித் தரச் சொல்வார். மறுநாளும் காய்ச்சல் விடவில்லை என்றால் மறுநாளும் வருவார். மருந்துக்கடைக்காரர் என்னிடம் புலம்பியிருக்கிறார். மண்ணெண்ணெய் அவர் வீட்டில் கிடையாது. பருத்திக்கு மருந்து அடிக்கிற நாளில் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு வாங்குவார், இருப்பதில் சின்ன பாட்டில். அடித்தது போக அடியில் கொஞ்சம் கிடந்தால் பருத்திக் காட்டு ஓரத்தில் குழி தோண்டிக் கொட்டி மூடிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வாசலில் நின்ற அரளிச் செடியை ஒருநாள் வேரோடு பறித்துப் போட்டார். பூவுக்குக்கூடக் கணக்கா என்று நான் கேட்டதற்கு, பூ பறிக்க நேரமில்லை என்றார்.

ஆனால் சோற்று விஷயத்தில் இந்தக் கஞ்சப் பட்டம் ஒட்டவில்லை. அவர் வீட்டில் ஆள் என்றால் அவரும், ஊரில் இருக்கிற நாளில் மகன் கண்ணனும் மட்டும். உலையில் போடுவதோ நாலு பேருக்கு. யார் போனாலும் தட்டு வரும். உளுந்தங்களி கிண்டினால் என் வீட்டுக்கு ஒரு கிண்ணம் வரும், நல்லெண்ணெய் மிதக்க. சோறு மிஞ்சும், தண்ணீர் ஊற்றி வைப்பார். அந்த வீட்டில் மிஞ்சுவதற்கு அனுமதி இருந்த ஒரே பண்டம் சோறுதான். இதை நான் கவனித்தேன், ஆனால் கூட்டிப் பார்க்கவில்லை. கேலி பேசுகிறவனுக்குக் கூட்டிப் பார்க்க நேரம் ஏது?

இப்படிப்பட்ட மதினியிடம் ஒரு துப்பாக்கி இருந்தது.

ரெட்டைக்குழல் துப்பாக்கி. அண்ணாச்சி பெயரில் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கியது. அவர் போன பிறகு, வாரிசு என்று சொல்லி, தூத்துக்குடிக்கு நடையாக நடந்து மதினி தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். காரணம் காட்டுப்பன்றி. கரிசலில் மக்காச்சோளம் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். கார்த்திகை மார்கழியில் கதிர் பால் பிடிக்கும். நாம் பார்த்து மகிழ்ந்துவிட்டு வீடு திரும்புவோம், காலையில் போனால் கல்யாணப் பந்தியில் இலை எடுத்த மாதிரி கிடக்கும். தின்பது கொஞ்சம், மிதித்துச் சாய்ப்பது மிச்சம்.

பன்றியைச் சுட்டால் வனத்துறை கேஸ். அதனால் மதினி வானத்தைச் சுடுவார். சேலையைத் தூக்கிச் சொருகி, காட்டு நடுவில் நின்று, குழலை மேலே நீட்டி ஒன்று. பன்றிகள் ஓடும். திரும்பி வர நினைத்தால் இன்னொன்று. அவ்வளவுதான். மதினி இத்தனை வருடமாக வானத்தைச் சுட்டதால்தான் நம் ஊரில் மழை கோபித்துக்கொண்டது என்று நான் டீக்கடையில் சொல்வேன். சிரிப்பார்கள்.

நான் பயந்தவன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது, ஊர்க்காரர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள். மைக்செட்காரன் சத்தத்துக்குப் பயப்படலாமா என்று கேட்கிறார்கள். நான் போடுகிற சத்தத்துக்கு நான் பயப்படுவதில்லை. அடுத்தவர் போடுகிற சத்தத்துக்குத்தான். கோவில் கொடையில் வேட்டு போடும்போது நான் ஆம்ப்ளிபயரைப் பாதுகாக்கிற சாக்கில் அதன் பின்னால் உட்கார்ந்திருப்பேன். பாம்பு, நாய், போலீஸ், ஊசி, டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றுக்கும் பயம். இதில் வரிசை கிடையாது, எது முன்னால் வருகிறதோ அது.

ஓர் ஐப்பசி மாதம் கண்ணன் ஓசூரிலிருந்து திரும்பி வந்தான். இஞ்சினியரிங் படித்துவிட்டு அங்கே ஒரு கம்பெனியில் இருந்தான். வேலை போய்விட்டது. பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் பின்வாங்கிவிட்டார்கள். வந்த புதிதில் எல்லாரோடும் பேசினான். பிறகு பேச்சு குறைந்தது, பிறகு சாப்பாடு. கடைசியில் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தான். ஏலே, சுவத்துல சினிமாவா ஓடுது என்று நான் கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் முன்பே ஒருவரிடம் பார்த்திருக்கிறேன். நான் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் மதினி என் கடைக்கு வந்தார். கடை என்றால் என் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை, ஸ்பீக்கர் பெட்டிகளும் கூம்புக் குழாய்களும் கிடக்கிற இடம். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா, துணியால் கட்டியது.

"ஏ கொழுந்தா, இது ஒங்கிட்ட இருக்கட்டும்."

"என்னது மதினி, பலகாரமா?"

"தோட்டா."

நான் டப்பாவைக் கீழே போடவில்லை. போட்டால் வெடித்துவிடும் என்ற பயத்தில் போடவில்லை, இல்லாவிட்டால் போட்டிருப்பேன். லைசென்ஸ் இல்லாதவன் தோட்டா வைத்திருந்தால் உள்ளே தூக்கிப் போடுவார்கள், எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, ஜெயில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று மூச்சுவிடாமல் பேசினேன். ஊரில் எத்தனையோ தைரியசாலிகள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள் என்றேன்.

"தைரியசாலி எடுத்துப் பாப்பான். ரெண்டு கேட்டா நாலு குடுப்பான். நீ தொடக்கூட மாட்ட. அதான் ஒன்னத் தேடி வந்தேன்."

என் வாழ்க்கையில் என் பயத்தை ஒரு தகுதியாக எடுத்துக்கொண்ட முதல் ஆள் அவர்தான். இருந்தாலும் விடவில்லை. அப்படியானால் துப்பாக்கியையே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடலாமே என்றேன்.

மதினி கொட்டகைக்கு வெளியே பார்த்தார். அவர் வீட்டு ஓடு அங்கிருந்து தெரியும்.

"துப்பாக்கி இல்லன்னா வெள்ளாம போவும். தோட்டா இருந்தா வீடு போவும். பாதி அங்கன இருக்கட்டும், பாதி இங்கன இருக்கட்டும்."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஏனென்றால் அண்ணாச்சியைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லோடு ஆட்டோவில் நானும் இருந்தேன்.

அண்ணாச்சி மதினிக்கு நேர் எதிர். எதையும் மொத்தமாக வாங்கி அடுக்குவார். தோட்டா லைசென்ஸில் எவ்வளவு உண்டோ அவ்வளவும் வீட்டில் இருக்கும். பருத்தி மருந்தும் அப்படித்தான். ஒரு வருடம் காய் வெடிக்கிற நேரத்தில் மழை கொட்டி, பஞ்செல்லாம் செடியிலேயே கறுத்துப் போனது. அன்று காலையில் காட்டைப் பார்த்துவிட்டு வந்தார், மதினியோடு ஏதோ வாக்குவாதம், மதினி அடுப்படிக்குப் போனார். பரணில் மிச்ச மருந்து அரை பாட்டில் இருந்தது.

ஆட்டோவில் அவர் தலை என் மடியில் இருந்தது. வேகமாகப் போகச் சொல்லுலே என்று என்னிடம் சொன்னார். நான் பிழைத்துக்கொள்கிறேன், இனி இப்படிச் செய்யமாட்டேன், உன் மதினியிடம் சொல்லு என்றார். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நான் அவரைச் சிரிக்கவைக்க ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. அவர் சிரிக்க முயன்றார். ஆஸ்பத்திரியில் மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

இதைப் பற்றி மதினி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறார், அன்று டப்பாவைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது.

"அவியளுக்கு அந்தக் கோவம் ஒரு சோறு வடிக்கிற நேரந்தான் இருந்துச்சு. நான் வடிச்சிட்டு வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அந்த நேரத்துல கைக்கு எட்டாம மட்டும் இருந்திருந்தா, சாயங்காலம் காப்பி கேட்டிருப்பாவ."

தீப்பெட்டி, மாத்திரை, மண்ணெண்ணெய், அரளி. எல்லாம் அப்போதுதான் எனக்கு ஒரே வரிசையில் வந்து நின்றன. மதினி வீட்டுக்குள் எதை எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு அவரிடம் ஓர் அளவு இருந்தது. ஒரு மனுஷனுக்குப் புத்தி பிசகுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எட்டுகிற மாதிரி எதுவும் இருக்கக்கூடாது. டீக்கடையில் எனக்கு ஒரு நல்ல சரக்கு குறைந்துபோயிற்று.

ஏற்பாடு இதுதான். சாயங்காலம் மதினியே வருவார். இரண்டு தோட்டா எடுத்துக்கொள்வார், குழலுக்கு ஒன்று. காலையில் வந்து சுட்டிருந்தால் காலியையும், சுடாவிட்டால் தோட்டாவையும் டப்பாவில் போட்டுவிட்டுப் போவார். வேறு யார் வந்து கேட்டாலும் கொடுக்கக்கூடாது. யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

டப்பாவை நான் ஒரு பழுதாகிப்போன ஆம்ப்ளிபயரின் கூட்டுக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் நான் பீடி பிடிக்கவில்லை. வெயில் ஏறினால் தோட்டா தானாக வெடிக்குமா என்று செல்போனில் தேடிப் பார்த்தேன். தேடியதை அழித்தேன். அழித்தது போலீசுக்குத் தெரிந்திருக்குமோ என்று செல்போனையே ஒருநாள் அணைத்து வைத்தேன். கடைசியில் மேஜை விசிறி ஒன்றை எடுத்து ஆம்ப்ளிபயருக்கு நேராக வைத்தேன். செத்த ஆம்ப்ளிபயருக்கு எதுக்குக் காத்து என்று வீட்டுக்காரி கேட்டாள். நான் உள்ளே சாராயம் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று அவளுக்குச் சந்தேகம். நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் திறந்து பார்த்திருக்கிறாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காப்பியை வைத்துவிட்டு, "பாட்டிலா இருந்தா நல்லாருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னாள். யாருடையது என்று அவளும் கேட்கவில்லை. ஊரில் வேறு யாரிடம் துப்பாக்கி இருக்கிறது?

தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மதினி துப்பாக்கியைச் சாக்குத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, துணைக்கு வா என்று என்னையும் கூப்பிட்டார். தோட்டா டப்பா என் கொட்டகையில் இருக்க, நான் போலீஸ் ஸ்டேஷனுக்குள் என் காலால் நடந்து போகிறேன். வேண்டாத சாமி இல்லை.

அங்கே எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய மீசை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். கடம்பூர்ப் பக்கம் நிலபுலன் உள்ளவர். அவரும் துப்பாக்கி ஒப்படைக்க வந்தவர். ரைட்டர், அதாவது ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு, மதினியின் லைசென்ஸைப் புரட்டிவிட்டு, வீட்டில் தோட்டா எத்தனை இருக்கிறது என்று கேட்டார்.

"வீட்டுல ஒண்ணும் இல்ல சார்."

பொய் இல்லை. ஆனால் எனக்கு முழங்கால் தானாக ஆடியது. ரைட்டர் அதைப் பார்த்துவிட்டு, இவருக்கு என்ன என்றார். அவருக்கு எப்பவும் அப்படித்தான் என்றார் மதினி. ரைட்டருக்கு ஆச்சரியம். ஐம்பது வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று லைசென்ஸில் இருக்கிறதே, எல்லாரும் கூட்டித்தரச் சொல்லித்தானே மனு கொடுக்கிறார்கள் என்றார்.

"வச்சுக்கிடலாம்னுதான சார் போட்டிருக்கு. வைக்கணும்னு போடலையே."

மீசை அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. தன்னிடம் ஐம்பதும் பெட்டி பிரிக்காமல் இருப்பதாகவும் நூறுக்கு எழுதிப் போட்டிருப்பதாகவும் ரைட்டருக்குக் கேட்கும்படி சொன்னார். துப்பாக்கி வைத்திருக்கிற வீட்டில் தோட்டா இல்லாமல் இருப்பது, பூட்டை வாங்கிச் சாவியை வாங்காத மாதிரி என்றார். பிறகு மதினியிடம் நேராகவே கேட்டார்.

"பொம்பளயா தனியா இருக்கீக. ஒரு ஆவத்துன்னா என்ன செய்வீக தாயி?"

மதினி சாக்குத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"ஆவத்து வெளிய இருந்து வந்தாத்தான அண்ணாச்சி அது வேணும்."

அந்த ஆளுக்கு விளங்கவில்லை. ரைட்டருக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ரசீது எழுதிக் கொடுத்தார். தேர்தல் முடியும்வரை துப்பாக்கி அங்கேயே கிடந்தது. அந்த நாட்களில் மதினி நன்றாகத் தூங்கினார் என்று நினைக்கிறேன். முகத்தில் தெளிச்சி இருந்தது. நான் தூங்கவில்லை. என் பாதி என்னிடமேதானே இருந்தது.

அடுத்த வருடம் பங்குனி. அறுவடை முடிந்து, காடெல்லாம் வெடித்துக் கிடந்த காலம். எங்கள் அம்மன் கோவில் பொங்கலுக்கு நான் கொட்டகையில் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கி மதினி வீட்டில் இருந்தது. டப்பா ஆம்ப்ளிபயருக்குள் இருந்தது. வீட்டுக்காரி கோவில்பட்டிக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். நல்ல மத்தியான வெயில்.

கண்ணன் வந்து நின்றான். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். தலை சீவியிருந்தான். பல மாதமாக அப்படி அவனை நான் பார்த்ததில்லை.

"சித்தப்பா, அம்மா ரெண்டு வாங்கிட்டு வரச் சொன்னா."

எதற்கு என்று கேட்டேன்.

"பன்னிக்கு."

காட்டில் ஒரு பயிர் இல்லை. பன்றிகள் மாசியிலேயே எங்கோ போய்விட்டன. வெறும் கரிசலில் எந்தப் பன்றி என்ன தின்ன வரும்? அவன் என்னைப் பார்க்கவில்லை. ஆம்ப்ளிபயரைப் பார்த்தான். விசிறி அதற்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது. எந்தக் கிறுக்கனுக்கும் புரியும். என்னைவிட ஒரு முழம் உயரமானவன். என்னைத் தள்ளிவிட்டு எடுக்க அவனுக்கு ஒரு கை போதும்.

நான் என்ன வீரம் காட்டினேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். உளற ஆரம்பித்தேன். அதெல்லாம் என்னிடம் இல்லை, எனக்குப் பயம், போன அமாவாசைக்கே டப்பாவோடு கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட்டேன், உன் அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் என்னைக் கொன்றுபோடுவாள், நீயும் சொல்லிவிடாதே என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அழுகையும் வந்தது. அது நடிப்பு இல்லை.

கண்ணன் சிரித்தான். ஓசூரிலிருந்து வந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு.

"நீங்க செய்வீங்க சித்தப்பா."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றான். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. போனால் எங்கே போவான் என்று எனக்குப் பயம், நின்றால் எவ்வளவு நேரம் நிற்பான் என்றும் பயம். ஒரு ஒயர்ச் சுருளை அவன் கையில் திணித்து, இதைக் கொஞ்சம் பிடிடா, சிக்கு எடுக்கணும் என்றேன். பிடித்தான். நான் மெதுவாக நகர்ந்து மைக்கை எடுத்தேன். வெளியே வேப்பமரத்தில் சோதனைக்காகக் கட்டியிருந்த கூம்புக் குழாய் ஊருக்கே கேட்கும். சுவிட்சைப் போட்டேன். மதினியின் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். பெயர் வரவில்லை. இத்தனை வருடம் மதினி மதினி என்றே கூப்பிட்ட வாய். பயத்தில் பெயர் சுத்தமாக அழிந்துவிட்டது.

"அன்பார்ந்த பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. மதினி எங்கிருந்தாலும் உடனடியாக மைக்செட் கடைக்கு வரவும். மதினி எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்."

ஊரில் எனக்கு மதினி முறை ஆகிறவர்கள் நிறைய. நாலு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் கரண்டியோடு. என்னலே, பட்டப்பகல்லயே ஊத்திட்டியா என்று கேட்டார்கள். நான் ஆமாம் என்றேன். கண்ணன் ஒயரைப் பிடித்தபடி அவர்கள் நடுவில் நின்றான். எந்த மதினி வந்தாலும் சரிதான் என்று அப்போது எனக்குப் பட்டது. ஆள் இருந்தால் போதும்.

அந்த மதினி கடைசியில் வந்தார். காட்டில் அடுப்பெரிக்கக் காய்ந்த பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்தவர், ஓடி வந்திருக்கிறார். காலில் செருப்பு இல்லை. கருவேல முள்ளில் மாட்டிச் சேலை கிழிந்து தொங்கியது. வாசலில் நின்று மகனைப் பார்த்தார், அவன் கையைப் பார்த்தார், கையில் ஒயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கொடுக்கவில்லை என்று நான் தலையை ஆட்டினேன்.

"சாப்ட்டியாய்யா?"

"இல்லம்மா."

அவ்வளவுதான் இருவரும் பேசியது. மதினி ஒரு ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. கரண்டியோடு வந்தவர்தான் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து எழுப்பினார். மகன் முன்னால் நடக்க, தாய் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். அவன் இஞ்சினியர், அவனுக்கு மீசை இருக்கிறது. சட்டையை விடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் மதினி துப்பாக்கியையும் டப்பாவையும் கொண்டுபோய் லைசென்ஸோடு மொத்தமாக ஒப்படைத்துவிட்டார். பிறகு திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் கண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மாத்திரைகளையும் அன்றாடம் வேண்டியதை மட்டும் முந்தியில் முடிந்து வைத்துக் கொடுத்தார். மீதி அட்டைகள் என் வீட்டுக்காரியிடம் இருந்தன.

அந்த வருடம் பன்றிகள் வந்தன. மதினி தகரத்தைத் தட்டிப் பார்த்தார். நான் ஒரு குழாயைக் கொண்டுபோய்க் கட்டி, என் குரலையே பதிவு செய்து போட்டேன். முதலில் ஓடின. பிறகு என் குரல் பழகிவிட்டது. ஊர்க்காரர்களுக்கு ஆன மாதிரியே. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் காடு முழுக்கச் சாய்ந்து கிடந்தது. மதினி வரப்பில் உட்கார்ந்திருந்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன்.

"தின்னுட்டுப் போவட்டும் கொழுந்தா. அது மறு வருசம் மொளைக்கும்."

போன ஆடியில் மதினி இறந்தார். நெஞ்சுவலி. காலையில் உலை வைத்துவிட்டு உட்கார்ந்தவர்தான். தலைமாட்டில் விளக்கேற்ற வேண்டும் என்று தீப்பெட்டியைத் தேடினார்கள். அடுப்படியில் இருந்தது, உள்ளே குச்சி இல்லை. காலையில் அடுப்புக்கு உரசியது கடைசிக் குச்சி. தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிற பெண்கள் வீடு நிறைய உட்கார்ந்திருக்க, தீப்பெட்டிக்கு என் வீட்டுக்குத்தான் ஆள் ஓடியது. பானையில் நேற்றைய சோறு தண்ணீரில் கிடந்தது, நாலு பேர் சாப்பிடக் காணும்.

காரியம் எல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் போன பிறகு ஒரு சாயங்காலம் கண்ணன் கொட்டகைக்கு வந்தான். அம்மா இல்லாத வீட்டில் தனியாக இருக்கிறான். அம்மாவின் காட்டில் பருத்தி போட்டிருக்கிறான். 

"சித்தப்பா, அன்னைக்குக் கெணத்துல போட்டேன்னு சொன்னது பொய்தான?"

"ஆமாலே."

"எனக்கு அன்னைக்கே தெரியும். ஆம்ப்ளிபயருக்குக் காத்து வச்சிருந்தீங்களே."

அப்புறம் ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"வீட்டுல இருந்து இங்கன நடந்து வாரதுக்குள்ளயே, நீங்க இல்லன்னு சொல்லிரணும்னு இருந்துச்சு."

சொல்லிவிட்டுக் கையில் இருந்த பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்தான். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய பாட்டில். பருத்திக்கு அடித்த மருந்தில் மிச்சம். குழியில் கொட்ட வேண்டியதுதானே, உன் அம்மா அப்படித்தானே செய்வார் என்றேன். இன்னும் இரண்டு தடவை அடிக்க வேண்டியிருக்கிறது, மருந்து விற்கிற விலைக்குக் கொட்ட மனசு வரவில்லை என்றான்.

"இது இங்கன இருக்கட்டும். வேணும்போது வந்து கேக்கேன்."

பழைய ஆம்ப்ளிபயரை மறுபடி எடுத்துத் துடைத்தேன். விசிறி மட்டும் வைக்கவில்லை.

நேற்றுக் காலையில் வந்து கேட்டான். பூச்சி விழுந்திருக்கிறது, மருந்து வேண்டும் என்றான். சட்டை கசங்கியிருந்தது, தலை சீவவில்லை. எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இருந்தாலும் டப்பாவைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வா காட்டைப் பார்த்துட்டு வருவோம் என்று அவனோடு நடந்தேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. பருத்தி இடுப்பளவு நின்றது. குனிந்து ஓர் இலையைத் திருப்பினேன். அடியில் பச்சையாக, குண்டு குண்டாக, ஒன்று இரண்டு இல்லை, அப்பிக் கிடந்தன. அடுத்த செடியிலும் பார்த்தேன். அதிலும் இருந்தன.

பூச்சியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் இந்தக் கரிசலில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.